லோதி ரோட்டில் சுண்டாட்டம்

மேலைநாட்டு நகரங்களில் பின்பால் என்றோர் ஆட்டம் உண்டு. கண்ணாடி மூடிய சாய்வுப் பெட்டிக்குள் உருக்குக் குண்டொன்று முட்டி மோதி உருண்டு இறங்கும். காசு போட்டவர் அது கீழே விழாமல் காக்க வேண்டும். சுருள்வில்லால் குண்டை எய்யும் முறைக்கு 1871-இல் மாண்டேகு ரெட்கிரேவ் என்பவர் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். இது சூதாட்டமே என்று நியூயார்க் நகரம் 1942-இல் தடை செய்து, 1976-இல்தான் விடுதலை அளித்தது. இந்தப் பெட்டி எந்தத் தெருவில், எந்தக் கடையில் இருக்கிறது என்று தேடி அலைவதே அங்கே பலருக்குப் பொழுதுபோக்கு. தில்லிக்கு வந்த தமிழ் மாணவனுக்கு அப்படி ஒரு தேட்டம் உண்டென்றால் அது கேரம் பலகையே ஆகும். நல்ல தமிழில் சுண்டாட்டம்.

இதில் உள்ள நன்மை மாணவர்க்குச் சொல்லாமலே விளங்கும். கட்டணம் இல்லை. இந்தியும் வேண்டியதில்லை. நாம் காய் என்பதை அவர்கள் கோட்டி என்பார்கள். நாம் சிவப்பு என்பதை ராணி என்பார்கள். இவ்விரு சொற்களோடு ஒரு மாலை முழுவதும் ஆடிவிடலாம். ஊரிலிருந்து வந்த முதல் ஆறு மாதத்தில், வகுப்புக்கு வெளியே என்னை ஒருவர் பெயர் சொல்லி அழைத்தது பலகையருகில்தான்.

பலகை எங்கே இருக்கும்? லோதி ரோட்டின் பெரிய கட்டடங்களின் முகப்பில் தேடிப் பயனில்லை. வாடகைக் கார்கள் நிற்கும் மரத்தடி, கடையடைத்த பின் சந்தையின் பின்புறம், குடியிருப்புக் காவலர்களின் கொட்டகை ஆகிய இடங்களில் பாருங்கள். தகரப் பீப்பாயின் மேல் சாக்கை மடித்து வைத்து, அதன்மேல் பலகை. நால்வர் ஆடுவார்கள், பதின்மர் யோசனை சொல்வார்கள். அரசு அலுவலகங்களின் பொழுதுபோக்கு அறைகளிலும் பலகை உண்டு. மத்திய அரசு ஊழியர்களுக்காக நடக்கும் அமைச்சகங்களுக்கிடையிலான போட்டிகளில் கேரமும் ஒன்று. உறவினர் எவரேனும் அலுவலகத்தில் இருந்தால் மாணவர்க்கு அங்கே ஓரமாக நின்று பார்க்கும் பேறு கிட்டும்.

ஆனால் இவ்விடங்கள் சுருங்கி வருகின்றன. தையற்காரர்களும் தச்சர்களும் நிறைந்திருந்த மெஹர்சந்த் சந்தை இன்று விலையுயர்ந்த கடைகளின் வரிசை. வெள்ளையர் ஆட்சியின் கடைசி ஆண்டுகளில் குமாஸ்தாக்களுக்கெனக் கட்டிய லோதி காலனி இன்னும் நிற்கிறது. அருகிலுள்ள கஸ்தூர்பா நகரும், சற்றுத் தொலைவிலுள்ள சரோஜினி நகரும், நேதாஜி நகரும் 2016-இல் ஒப்புதல் பெற்ற ஏழு குடியிருப்புகளின் மறுகட்டுமானத் திட்டத்தில் சேர்ந்தவை. ஒரு மாடி, இரு மாடி வீடுகள் போய் அடுக்குமாடிகள் வருகின்றன. வீடு பெரிதாகும், ஐயமில்லை. வேப்பமரத்தடியை எந்த வரைபடத்தில் காட்டுவார்கள் என்பதே என் கவலை.

இனி ஆட்டத்தின் அறிவியலுக்கு வருவோம். பிலியர்ட்சில் பழகியவர் கேரமில் முதல்நாள் திணறுவதும், கேரம் வல்லவர் பிலியர்ட்சில் திணறுவதும் தற்செயல் அன்று. பிலியர்ட்சில் மோதும் இரு பந்துகளும் சம நிறை உடையவை. உருளாமல் வழுக்கி வரும் பந்து மற்றொன்றை நேராக முட்டினால் தான் நின்றுவிடும். சாய்வாக முட்டினால் இரண்டும் ஏறக்குறையச் செங்கோணத்தில் பிரியும். கேரமில் அப்படியில்லை. பன்னாட்டு விதிப்படி அடிப்பானின் நிறை 15 கிராம் வரை இருக்கலாம். காய் 5 முதல் 5½ கிராம். அதாவது அடிப்பான் காயைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு கனமானது. உந்த அழிவின்மை விதியையும் ஆற்றல் விதியையும் எழுதிப் பாருங்கள். நேர் மோதலில் காய், அடிப்பான் வந்த வேகத்தைப்போல் சுமார் 1½ மடங்கு வேகத்தில் பறக்கும். அடிப்பானோ நிற்காமல் ஏறக்குறையப் பாதி வேகத்துடன் பின்தொடரும். நேர்க்கோட்டில் காயைக் குழியில் போட்டவரின் அடிப்பானும் கூடவே விழுந்து மைனஸ் ஆவது இதனால்தான். விதியைச் சபித்துப் பயனில்லை. மெல்ல அடிக்க வேண்டும். வழுக்கிச் செல்லும் தொலைவு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப அமைவதால், பாதி வேகத்தில் அடித்தால் அடிப்பான் கால்பங்குத் தொலைவிலேயே நின்றுவிடும்.

இன்னொன்று. கனமான பொருள் இலேசானதன்மேல் மோதினால் தன் வழியிலிருந்து அதிகம் விலக முடியாது. மேற்சொன்ன நிறைகளுக்குக் கணக்கிட்டால், எவ்வளவு சாய்த்து அடித்தாலும் அடிப்பான் சுமார் 21 பாகைக்கு மேல் திரும்பாது. மோதலில் இழக்கும் ஆற்றலையும் சேர்த்தால் இக்கோணம் இன்னும் குறையும். ஆகவே அடித்தபின் அடிப்பான் எங்கே போகும் என்பதை அடிக்கும் முன்பே சொல்லிவிடலாம். தேர்ந்த ஆட்டக்காரர்கள் இதைக் கணக்குப் போடாமலே அறிந்திருக்கிறார்கள்.

பலகையைச் சோதிக்கவும் வழி உண்டு. முழு வலிமையோடு அடித்த அடிப்பான் குறைந்தது மூன்றரை தடவை இங்குமங்கும் போய்வர வேண்டும் என்பது விதி. மரத்தடிப் பலகைகளில் இரண்டு தடவை போய்வந்தாலே திருப்தியடையுங்கள். தில்லியின் தட்பவெப்பம் இதற்குப் பெரும்பகை. ஆடியில் ஒட்டுப்பலகை ஈரம் குடித்து உப்பும். போரிக் தூள் கட்டிபட்டு, வழுக்குவதற்குப் பதில் தடுக்கும். மார்கழிப் பனியிலும் அதே கதை. சென்னை மன்றங்களில் பலகைக்கு நேர்மேலே தாழத் தொங்கவிட்ட குண்டு விளக்கு வெளிச்சத்தோடு வெப்பமும் தந்து பலகையை உலர்த்தி வைத்தது. சிக்கன விளக்கு வந்தபின் அந்த உபகாரம் போயிற்று.

ஒரு குறையையும் சொல்லவேண்டும். மரத்தடிப் பலகைகளில் பெண்கள் ஆடி நான் கண்டதில்லை. இவ்வாட்டத்திலோ நம் பெண்களே உலகை வென்றவர்கள்! வியாசர்பாடி இளவழகி 2008-இல் பிரான்சின் கான் நகரில் உலகப் பட்டம் பெற்றார். ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகளான வடசென்னைக் காசிமா 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். மாணவியர் விடுதிப் பொது அறைக்குப் பலகை வாங்கக் கோரினால் சங்கம் துணை நிற்க வேண்டும் என்பது என் கருத்து.

தில்லிக்கும் இதில் பங்குண்டு. பன்னாட்டுக் கேரம் கூட்டமைப்பு 1988-இல் சென்னையில் தோன்றியது. ஆனால் முதல் உலகப் போட்டி 1991-இல் நடந்தது இந்தத் தில்லியில்தான். வென்றவர் நம் மரிய இருதயம். பிறகு அர்ஜுனா விருதும் பெற்றார். மரத்தடிப் பெரியவர்களிடம் அவர் பெயரைச் சொல்லிப் பாருங்கள். உட்கார இடம் கிடைக்கும்.

போகும்போது சொந்த அடிப்பானைக் கொண்டு செல்லுங்கள். அங்கே காய்களுக்குப் பஞ்சமில்லை, நல்ல அடிப்பானுக்குத்தான் பஞ்சம். கடையில் 15 கிராம் என்று சொல்லித் தருவதெல்லாம் 15 கிராம் அல்ல. என்னிடம் உள்ள மூன்றை ஆய்வுக்கூடத் தராசில் நிறுத்தபோது ஒன்று 14, ஒன்று 15, ஒன்று 17 கிராம் காட்டின. வேண்டுவோர் கொண்டுவந்தால் நிறுத்துச் சொல்கிறேன். செவ்வாய், வியாழன் மாலைகளில் தராசு சும்மாதான் இருக்கும்.