அயல் தேசத்தில் ஓர் உபாத்தியாயர்

1961-ஆம் வருஷம் மார்ச் முதல் தேதி அமெரிக்க ஜனாதிபதி கென்னடி ஸ்தாபித்த, அயல் நாடுகளுக்குத் தொண்டர்களை அனுப்பும் அமைதிப் படையின் முதற்குழுவினர், அவ்வருஷம் ஆகஸ்டு 30-ஆம் தேதி, சுதந்திரம் பெற்று நான்கே ஆண்டுகள் ஆகியிருந்த கானா தேசத்தின் தலைநகரான அக்ராவில் விமானத்தை விட்டு இறங்கியதும், அந்நாட்டின் துவி பாஷையில் ஒரு பாட்டைப் பாடினார்கள். உயர்நிலைப் பள்ளிகளில் கற்பிக்க வந்தவர்கள், தாங்களும் கற்க வந்தவர்களே என்று உணர்த்திய நல்ல தொடக்கம் அது.

கற்க வேண்டியவையோ ஏராளம். இடக்கையால் கொடுப்பது அங்கே அவமரியாதை. ஆகவே, இடக்கைப் பழக்கமுள்ள ஆசிரியர் சாக்குக்கட்டியை அக்கையால் நீட்டினால், வாங்குவதா வேண்டாமா என்று மாணாக்கன் திகைத்து நிற்பான். நம் வீடுகளிலும் உள்ள சம்பிரதாயமாதலால், அவன் சங்கடம் நமக்கு விளங்கும். கானாவின் ஆக்கான் மக்கள் பிறந்த கிழமையாலும் பெயரிடுவதால், வெள்ளிக்கிழமை பிறந்த கோஃபிகளும், சனிக்கிழமை பிறந்த குவாமேக்களும் ஒரே வகுப்பில் பலர் இருப்பார்கள்.

இன்றைய அமைதிப் படைத் தொண்டர்கள், சுமார் மூன்று மாத காலம் உள்ளூர்க் குடும்பத்தோடு தங்கிப் பயிற்சி பெற்ற பின்னரே, இரண்டு வருஷ ஊழியத்தை ஏற்கிறார்கள். புத்தகம் சொல்லித்தராத பாஷையையும் பழக்கத்தையும் அடுப்பங்கரையும் சந்தையும் சொல்லித்தருகின்றன. ஊராரிடம் மாணவராக இருக்கச் சம்மதிப்பவரே அவ்வூர்க் குழந்தைகளுக்கு மெய்யான ஆசானாகிறார்.