வள்ளலும் சிலுவையும்

திருவனந்தபுரத்தில் பாளையம் என்னும் பகுதியைக் கடந்து செல்வோர், கணபதி கோயிலும் மசூதியும் கத்தோலிக்கப் பேராலயமும் ஒன்றுக்கொன்று அணித்தே நிற்கக் காண்பர். அங்கிருந்து சிறிது தொலைவில் பல்கலைக்கழகக் கல்லூரி இருக்கிறது. மன்னராட்சிக் காலத்தில் அதற்கு மகாராஜா கல்லூரி என்பது பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அக்கல்லூரியில் தமிழுலகம் மறக்கலாகாத இருவர் பணியாற்றினர். ஒருவர், ‘மனோன்மணீயம்’ இயற்றிய பெ. சுந்தரம் பிள்ளை, அவர் தத்துவப் பேராசிரியர். மற்றவர், நெல்லைச் சீமையிலிருந்து வந்து சில ஆண்டுகள் தமிழ் கற்பித்த எச். ஏ. கிருஷ்ண பிள்ளை. பணியின் பொருட்டு ஊர்விட்டு வந்த தமிழர் வரிசையில் அவருக்கும் இடமுண்டு என்பதை, வெளி மாநிலங்களில் வாழும் நேயர்கள் நினைவிற் கொள்ளலாம்.

இறைவன் அன்பு வடிவினன் என்று கூறாத சமயம் இல்லை. ஆயின், அவ்வன்பு யாது என்று வினவினால், கிறிஸ்தவ சமயம் ஒரு கொலைக்களத்தைச் சுட்டிக் காட்டுகிறது. சிலுவை என்பது ரோமானியர் அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் விதித்த தண்டனை. வலியினும் அதன் இழிவே பெரிதென்று அக்காலத்தோர் அஞ்சினர். அத்தகைய மரத்தில் தொங்கிய ஒருவரிடத்தில் கடவுளின் அன்பைக் காண்பது எங்ஙனம்? கிரேக்கருக்கு இது பேதைமையாகத் தோன்றிற்று எனப் பவுல் அடியாரே எழுதியிருக்கிறார். தமிழருக்கும் இக்கேள்வி எளிதானதன்று. நம் காப்பியங்களில் இறைவன் மண்ணில் அவதரிப்பது தீமையை அழிப்பதற்கே. தீயவர் கையில் அழிவதற்கன்று.

கிருஷ்ண பிள்ளை இக்கேள்வியின் கூர்மையை நன்கு உணர்ந்தவர். 1827-ல் கரையிருப்பு என்னும் ஊரில் வைணவ வேளாளர் குடியிற் பிறந்து, கம்பனைத் தோய்ந்து கற்றவர் அவர். முப்பது வயதை ஒட்டி, 1858-ல், சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். பின்னர், ஜான் பனியன் 1678-ல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘மோட்ச பிரயாணம்’ என்ற உருவகக் கதையைத் தழுவி, ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்னும் பெருங்காப்பியத்தைப் பாடினார். பகுதி பகுதியாகப் பல்லாண்டுகள் இதழில் வெளிவந்த அந்நூல், 1894-ல் முழு வடிவம் பெற்றது.

மூலநூலிலிருந்து அவர் விலகும் இடம் ஒன்று நம் பொருளுக்கு இன்றியமையாதது. பனியனின் கதையில், முதுகிற் பாவச்சுமையோடு நடக்கும் பயணி ஒரு சிலுவையின் முன் வந்து நிற்கிறான். சுமை தானே அவிழ்ந்து உருண்டு ஒரு கல்லறையின் வாயில் விழுந்து மறைகிறது. ஆங்கில வாசகர் சிலுவையின் கதையை இளமை முதலே கேட்டவராதலின், ஆசிரியர் அங்கே அதை விரித்துரைக்கவில்லை. நம் கவிஞருக்கோ அது போதவில்லை. சுமை ஏன் விழுந்தது? யார், எத்துணைத் துயருற்று அதை விழச் செய்தார்? இதனைத் தமிழர்க்குச் சொல்லாமற் கதையை நகர்த்த இயலாது எனக் கருதினார் போலும். கிறிஸ்து காட்டிக் கொடுக்கப்பட்டது முதல் பிலாத்துவின் மன்றம், கசையடி, சிலுவை மரணம் ஈறாக, அப்பாடுகளை ஒரு தனிப் படலமாகவே விரித்துப் பாடினார். கம்பன் தந்த நடையும் ஓசையும் அங்கே வேறொரு துயரைச் சுமந்து நிற்கின்றன.

‘பாடுகள்’ என்ற சொல்லையே சிறிது நோக்குவோம். தமிழ்க் கிறிஸ்தவர் இயேசுவின் துன்பங்களை இச்சொல்லாற் குறிப்பர். நம் பேச்சில் பாடு என்பது துன்பம். பாடுபடுதல் என்றால் உழைத்தல். பழந்தமிழிலோ அதே சொல்லுக்குப் பெருமை என்றும் பொருளுண்டு. துன்பம், உழைப்பு, பெருமை ஆகிய மூன்றையும் ஒரு சொல்லில் அடக்கிய மொழிக்கு, இச்சமயக் கருத்து முற்றிலும் அந்நியமானதன்று.

மற்றோர் உயிர்க்காகத் தன்னைத் தருதலும் நாம் அறியாததன்று. புறாவின் பொருட்டுத் தன் தசையை அரிந்து தராசிலிட்ட சிபியைச் சோழர் தம் முன்னோன் எனக் கொண்டாடினர். உலகம் உய்ய நஞ்சுண்ட நீலகண்டனைச் சைவர் போற்றுவர். இவற்றைக் கேட்டு வளர்ந்த செவிகட்கே கிருஷ்ண பிள்ளை பாடினார். ஆயினும் ஒரு வேறுபாட்டை மறைத்தல் கூடாது. சிபியிடம் அடைக்கலம் புகுந்த புறா குற்றமற்றது. சிலுவையிலோ, ஆணி அறைகின்றவர்களே அன்பு பெறுகின்றவர்கள். நல்லவனுக்காக ஒருவன் உயிர்விடுதல் அரிதாயினும் நடக்கக்கூடியதே. பகைவனுக்காக உயிர்விடுதல்தான் கடவுளன்பின் அளவுகோல் என்பது பவுலின் வாதம்.

இங்கு வினைக்கொள்கையை உடையோர் ஓர் ஐயம் எழுப்புவர். துன்பம் வினைப்பயன் எனின், அதை நுகர்ந்தவர் எவ்வாறு பிறரை மீட்பார்? கிறிஸ்தவர் தரும் விடை இது: அவர் துன்பம் தம் வினையால் வந்ததன்று, தாமே மேற்கொண்டது. பிள்ளையின் காய்ச்சலுக்குத் தாய் பட்டினி கிடப்பதைப் போன்றது என உவமை கூறுவாரும் உளர். உவமை முழுதும் ஒவ்வாது. ஆனால் திசையைக் காட்டும்.

துன்பத்தைப் போற்றுவது வேறு, துன்பத்தினூடே அன்பைக் காண்பது வேறு. இவ்விரண்டையும் குழப்பியதால் விளைந்த தீங்கு சிறிதன்று. பிறர்மேல் துன்பத்தை ஏற்றிவிட்டு, பொறுத்துக்கொள் என உபதேசிப்போர் எல்லாச் சமயங்களிலும் இருக்கின்றனர். தென் திருவிதாங்கூரில் நிகழ்ந்ததோ வேறு. அங்கே நாடார் குலப் பெண்கள் மேலாடை அணிவதற்குத் தடை இருந்தது. கிறிஸ்தவம் தழுவியோர் அத்தடையை மீறினர், அதற்காக அடிபட்டனர், உடை கிழிபட்டனர். ‘கிறிஸ்துவும் பாடுபட்டாரே’ என்று அவர்கள் அடங்கிப் போகவில்லை. தமக்காக ஒருவர் உயிர் கொடுத்தார் என்ற நம்பிக்கை, தம் உடலும் மானமும் விலைமதிப்புடையன என்ற எண்ணத்தை அவர்களுக்கு அளித்தது என்றே நாம் கருதுகிறோம். கிருஷ்ண பிள்ளை திருமுழுக்குப் பெற்றதற்கு மறு ஆண்டு, 1859-ல், மேலாடை அணிய இசைவளித்துத் திருவிதாங்கூர் அரசு ஆணை பிறப்பித்தது. அது முழு உரிமையன்று. மேற்குலத்தார் உடுத்தும் முறையில் உடுத்தலாகாது என்ற வரம்பு அதில் இருந்தது.

மீண்டும் காப்பியத்திற்கு வருவோம். சிலுவைக் காட்சியில், உடலெல்லாம் சிதைந்த நிலையில், தம்மை வதைப்போர் அறியாமல் செய்யும் பிழையைப் பொறுத்தருளுமாறு இயேசு தந்தையை வேண்டுகிறார். அவ்விடத்தில் கவிஞர் அவருக்குச் சூட்டும் பெயர் ‘அருள்வள்ளல்’. வள்ளல் என்றால் நமக்குப் பாரியும் பேகனும் நினைவுக்கு வருவர். அவர்கள் தேரும் போர்வையும் உடையவராயிருந்து ஈந்தவர்கள். இவரோ உடுத்த ஆடையும் பறிக்கப்பட்டவர். கை இரண்டும் அறையப்பட்டவர். கொடுப்பதற்கு யாதுமில்லாத அந்நேரத்தில் வள்ளல் என்று பெயரிடுவதற்குப் புலமை மட்டும் போதாது.

கிருஷ்ண பிள்ளை 1900-ல் மறைந்தார். பெரிய வெள்ளிக்கிழமை நண்பகலில் தமிழ்த் திருச்சபைகள் பலவற்றில் மூன்று மணி நேர ஆராதனை நடைபெறுவது வழக்கம். சிலுவையில் மொழிந்த ஏழு திருவாசகங்களையும் அப்போது ஒவ்வொன்றாக எடுத்து விளக்குவர். அவற்றுள் முதலாவது, கவிஞர் வள்ளலைக் கண்ட அந்த வேண்டுதலே.