மலையில் மீன்தொட்டி: குளிரை மட்டும் பார்த்தால் போதாது

மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறும்போது தளர்வாக இருக்கும் மீன் பாக்கெட், கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஊட்டி வந்து சேர்வதற்குள் விறைத்து உப்பிவிடும். பைக்குள் காற்று கூடவில்லை. வெளியிலிருந்து அழுத்தும் காற்றுதான் குறைந்துவிட்டது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில், சென்னையின் காற்றழுத்தத்தில் முக்கால் பங்குக்குச் சற்றே அதிகமாகத்தான் இருக்கும். வீட்டில் மீன் வளர்க்க நினைக்கும் நீலகிரிக்காரர்கள் குளிரை நினைத்துத்தான் முதலில் தயங்குகிறார்கள். நானோ இந்தக் காற்றிலிருந்து தொடங்கச் சொல்வேன்.

தண்ணீர் குளிர்ந்தால் அதில் ஆக்சிஜன் கூடுதலாகக் கரையும்; காற்றழுத்தம் குறைந்தால் குறைவாகக் கரையும். சென்னையில் 30 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள தொட்டியில் லிட்டருக்கு அதிகபட்சம் 7.5 மில்லிகிராம் அளவுக்கு ஆக்சிஜன் கரையலாம். ஊட்டியில் 15 டிகிரித் தண்ணீரிலும் ஏறத்தாழ அவ்வளவுதான். குளிர் கொடுப்பதை உயரம் பறித்துக்கொள்கிறது. அதே தண்ணீரை ஹீட்டர் போட்டு 26 டிகிரிக்கு ஏற்றினால் 6.2 மில்லிகிராம் அளவுக்கு இறங்கிவிடும். சூடு ஏற ஏற மீனின் உடலுக்கு வேண்டிய ஆக்சிஜனோ கூடும். ஆகவே, சமவெளிக் கடைக்காரர் 'இந்தத் தொட்டிக்குப் பத்து மீன்' என்றால், சூடேற்றிய ஊட்டித் தொட்டியில் ஆறு ஏழோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஏர் பம்ப் இரவிலும் ஓடட்டும். வெளிச்சம் போனபின் செடிகள் ஆக்சிஜனைத் தருவதில்லை; அவையும் எடுத்துக்கொள்ளும்.

ஹீட்டரே தேவைப்படாத மீன்களைத் தேர்ந்தெடுப்பது இன்னும் நல்லது. தங்கமீன் 12 டிகிரியிலும் தாங்கும்; ஆனால் பெரிதாக வளரும், சின்னத் தொட்டி பற்றாது. தெற்குச் சீன மலையோடைகளில் பிறந்த ஒயிட் கிளவுட் மீனுக்கு இந்த ஊர்க் குளிர் பழக்கமானதே. குன்னூர், கோத்தகிரி வீடுகளில் ஜீப்ரா டேனியோவும் நன்றாக இருக்கும். கப்பி, ஏஞ்சல், ஃபைட்டர் வேண்டுமென்றால் ஹீட்டர் கட்டாயம். மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் போகும் ஊர் இது. தொட்டியைச் சுற்றிப் போர்த்த ஒரு கம்பளியைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருங்கள்.

அடுத்தது தண்ணீர். சார்னோகைட் பாறைகளுக்கு மேல் ஓடிவரும் மலைத்தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. மோலி இதில் வாடிப்போவதற்கு அதுவே காரணம். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை, வடிகட்டியில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அந்த வேலையில் தண்ணீரின் காரத்தன்மை கரைந்துகொண்டே போகும். ஒரு மில்லிகிராம் அமோனியா நைட்ரஜனுக்கு ஏழு மில்லிகிராம் சுண்ணாம்புக்கல்லுக்கு ஈடான காரம் செலவாகிறது. கையிருப்பு தீர்ந்ததும் தண்ணீர் அமிலமாகும், பாக்டீரியாக்கள் வேலையை நிறுத்திவிடும். வடிகட்டியில் ஒரு கைப்பிடி கிளிஞ்சல் போட்டுவைத்தால் இந்தச் சரிவு நேராது. குளிரில் இந்த பாக்டீரியாக்கள் பெருகவும் நாளாகும். சமவெளியில் ஒரு மாதத்தில் பக்குவப்படும் தொட்டிக்கு இங்கே இரண்டு மாதம்கூட ஆகலாம். அதுவரை மீன்களைக் குறைவாக விட்டு, தீனியையும் குறைத்துப் போடுங்கள்.

எஸ்டேட் லைன் வீடுகளில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 1946-இல் தென்னிந்தியத் தேயிலையைத் தாக்கிய கொப்புள நோய்க்கு மழைக்காலங்களில் தாமிரம் கலந்த மருந்து அடிக்கிறார்கள். சுண்ணாம்புச் சத்துள்ள தண்ணீரைவிட, அது குறைந்த தண்ணீரில் தாமிரத்தின் நஞ்சு கடுமை. நத்தையும் இறாலும் முதலில் சாகும், பிறகு மீன். தோட்டத்துக்குக் கீழே ஓடும் ஓடையிலிருந்து அந்த மாதங்களில் தண்ணீர் பிடிக்காதீர்கள்.

செடிகளில் ஜாவா பாசியும் வாலிஸ்னேரியாவும் குளிருக்கு அசராதவை. மூடுபனி கவியும் ஜூன், ஜூலையில் ஜன்னல் வெளிச்சம் போதாது. நாளுக்கு ஏழெட்டு மணி நேரம் எல்.இ.டி. விளக்கு எரிய வேண்டும்.

இந்த மலைக்கென்றே ஒரு மீன் உண்டு: டெவாரியோ நீல்கெரியென்சிஸ். பிரான்சிஸ் டே 1867-இல் அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்திய இந்தச் சின்னஞ்சிறு மீன், இன்று அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலில் இருக்கிறது. அழகாக இருக்கிறதே என்று ஓடையிலிருந்து பிடித்துவந்து தொட்டியில் விட வேண்டாம். தொட்டி மீனை ஓடையில் விடுவது அதைவிடக் கெடுதல். ஹெச்.சி. வில்சன் 1907-இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்து வளர்த்த டிரவுட் மீன்கள் வேட்டை மீன்கள். வெளியூர் மீன் ஒன்று இந்த ஓடைகளில் நிலைத்துவிட முடியும் என்பதற்கு அவையே சாட்சி. பெருகிப்போன மீன்களை வாங்கிய கடையிலோ, தொட்டி வைத்திருக்கும் அக்கம்பக்கத்திலோ கொடுத்துவிடுங்கள். கத்தரித்த செடிகளை வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகு குப்பையில் போடுங்கள். மாற்றிய தண்ணீரைப் பூந்தொட்டிக்கு ஊற்றலாம். அதிலுள்ள நைட்ரேட் ரோஜாவுக்கு உரம்.