கொதிக்கும் முன்னே தீயைக் குறையுங்கள்!

மாணவர்களே, ஒரு கேள்வியுடன் தொடங்குவோம். அடுப்பில் ஏதோ ஒரு பானம் கொதிக்கிறது. பட்டையும் கிராம்பும் கலந்த மணம் வரவேற்பறை வரை வந்து மூக்கைத் துளைக்கிறது. 'ஆகா, பானம் பிரமாதமாக இருக்கப் போகிறது' என்று நினைக்கிறீர்கள். உங்கள் முடிவு சரியா?

நானும் கடந்த பள்ளி விடுமுறையில் அப்படித்தான் நினைத்தேன். ஆப்பிள் சாற்றில் பட்டை, கிராம்பு போட்டு, மூடி இல்லாமல் நாற்பது நிமிடம் தளதளவென்று கொதிக்க விட்டேன். வீடே மணத்தது. குவளையில் ஊற்றிக் குடித்தால் வெறும் சர்க்கரைப் பாகு போல இருந்தது! ஆப்பிள் மணமும் இல்லை, பட்டையின் மணமும் இல்லை. யோசித்துப் பார்த்தால் விடை எளிது. வரவேற்பறைக்கு வந்துவிட்ட மணம் எப்படிக் குவளையில் இருக்கும்?

இந்தப் பானத்தைச் சூடாக்க வேண்டும்; ஆனால், கொதிக்க விடக்கூடாது. ஏன் என்று இவ்வாரம் பார்ப்போம்.

அக்டோபர் மாதப் பானம்

நம் நாட்டில் இலையுதிர் காலம் கிடையாது. ஆனால், அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள மாசசூசெட்ஸ், வெர்மாண்ட், நியூயார்க் போன்ற மாநிலங்களில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் குளிர் தொடங்கும். ஆப்பிள் அறுவடையும் அப்போதுதான். தோட்டங்களிலேயே ஆப்பிளை அரைத்துப் பிழிந்து, வடிகட்டாமல் கலங்கலான பழுப்பு நிறச் சாற்றை விற்பார்கள். அதற்குச் 'சைடர்' என்று பெயர். பிரிட்டனில் சைடர் என்றால் புளிக்க வைத்த மதுபானம். அமெரிக்காவில் அது பெரும்பாலும் புளிக்காத பழச்சாறு. அதில் பட்டை, கிராம்பு, ஆரஞ்சுத் தோல் போட்டுச் சூடாக்கிக் குடிப்பது அவர்களின் வழக்கம்.

பானம் அவர்களுடையது என்றாலும் அதிலுள்ள வாசனைப் பொருள்கள் நம் பக்கத்திலிருந்து போனவை. கிராம்பின் தாயகம் இந்தோனேசியாவின் மலுக்கு தீவுகள். அமெரிக்கக் கடைகளில் கிடைக்கும் பட்டையில் பெரும்பகுதியும் இந்தோனேசியாவில் விளைவதுதான். ஆப்பிளோ மத்திய ஆசிய மலைகளில் தோன்றியது.

சூடு செய்யும் இரண்டு வேலைகள்

பட்டைக்கு மணம் தருவது சின்னமால்டிஹைடு. கிராம்புக்கு மணம் தருவது யூஜினால். இரண்டும் எண்ணெய் போன்றவை. நீரில் கொஞ்சமாகத்தான் கரையும். குளிர்ந்த சாற்றில் பட்டையைப் போட்டால் அவை மெதுவாகவே வெளிவரும். சாறு சூடேறும்போது மூலக்கூறுகள் வேகமாக அசைகின்றன. கரைதலும் பரவலும் விரைவாகின்றன. இது சூடு செய்யும் முதல் வேலை.

இரண்டாவது வேலை இதற்கு நேர் எதிரானது. வெளிவந்த மணத்தைச் சூடே காற்றில் பறக்க விடுகிறது. முதலில் போவது ஆப்பிளின் மணம். எஸ்டர்களைப் பற்றி வேதியியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஆப்பிளின் மணத்துக்குப் பெரிதும் காரணமான பியூட்டைல் அசிடேட் ஓர் எஸ்டர்தான். அதன் கொதிநிலை சுமார் 126 டிகிரி செல்சியஸ்.

இங்கே கவனமான மாணவர் ஒருவர் கையைத் தூக்குவார்: "ஐயா, யூஜினாலின் கொதிநிலை சுமார் 254 டிகிரி. சாறு 100 டிகிரியை ஒட்டித்தானே கொதிக்கும்? அப்புறம் யூஜினால் எப்படி ஆவியாகும்?"

நல்ல கேள்வி! ஒரு பொருள் ஆவியாவதற்கு அதன் கொதிநிலையை எட்ட வேண்டும் என்பதில்லை. கொடியில் காயும் துணி 30 டிகிரியிலேயே உலர்கிறது அல்லவா? அதுபோல யூஜினாலும் 100 டிகிரியில் சிறிதளவு ஆவியாகிறது. கொதிக்கும் சாற்றிலிருந்து ஓயாமல் எழும் நீராவி அதையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போகிறது. கிராம்பு எண்ணெய் எடுக்கும் ஆலைகளில் இதே முறையைத்தான் பயன்படுத்துகிறார்கள். இதற்கு நீராவிக் காய்ச்சி வடித்தல் என்று பெயர். அங்கே ஆவியைக் குளிர்வித்து எண்ணெயைப் பிடித்துக்கொள்கிறார்கள். நாமோ அதைச் சன்னல் வழியாக வெளியே விட்டுவிடுகிறோம்!

அப்படியானால் சும்மா வெதுவெதுப்பாக்கினால் போதுமா?

போதாது. இதற்குப் பின்னால் வருத்தமான ஒரு வரலாறு இருக்கிறது.

ஆப்பிள் சாறு அமிலத்தன்மை உடையது. அதன் பிஎச் அளவு பொதுவாக 4-க்கும் கீழே இருக்கும். இவ்வளவு அமிலத்தில் நோய்க்கிருமிகள் பிழைக்காது என்று பலர் நம்பி வந்தார்கள். அதனால், அன்றாடம் பிழிந்த சைடரைச் சூடாக்காமலே விற்றார்கள். மக்களும் வாங்கிக் குடித்தார்கள்.

1991-ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இப்படிப் பிழிந்த சைடரைக் குடித்த 23 பேர் நோயுற்றனர். காரணம் ஈ.கோலி ஓ157:எச்7 என்னும் பாக்டீரியா. இது மாடுகளின் குடலில் அவற்றுக்குத் தீங்கு செய்யாமல் வாழும். மனிதரின் உடலுக்குள் போனால் இரத்தப்போக்குடன் கூடிய வயிற்றுப்போக்கை உண்டாக்கும். சிலரின் சிறுநீரகத்தையும் பாதிக்கும். கால்நடைகள் மேயும் நிலத்தில் விழுந்த பழத்தைப் பொறுக்கிப் பிழிந்தால், சாண நிலத்திலுள்ள கிருமி சாற்றுக்குள் வந்துவிடலாம். இந்தக் கிருமி குளிரூட்டிய சைடரில் 20 நாள் வரை உயிரோடு இருந்ததை ஆய்வாளர்கள் கண்டனர். அமிலம் காப்பாற்றும் என்ற நம்பிக்கை பொய்த்தது.

1996-இல் இன்னும் பெரிய அடி விழுந்தது. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களிலும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் சூடாக்கிப் பதப்படுத்தாத ஆப்பிள் சாற்றைக் குடித்த சுமார் 70 பேருக்கு இதே தொற்று ஏற்பட்டது. ஒரு குழந்தை இறந்தது. அதன் பிறகு அமெரிக்க அரசு விதிகளைக் கடுமையாக்கியது. பதப்படுத்தாத சாற்றுப் போத்தல்களில் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்பது 1998-இல் வந்தது. சாற்றிலுள்ள ஆபத்தான கிருமிகளை 100,000-இல் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும் என்ற விதி 2001-இல் வெளியானது.

எத்தனை டிகிரி வேண்டும்?

பதப்படுத்தாத சைடரை வீட்டில் சூடாக்குவோருக்கு அங்கே சொல்லப்படும் அளவு 71 டிகிரி செல்சியஸ். இந்தக் கிருமியைக் கொல்ல 100 டிகிரி தேவையில்லை. 1860-களில் பிரான்சு நாட்டின் லூயி பாஸ்டர் திராட்சை மதுவை வைத்துக் காட்டிய உண்மையும் இதுதான்: கொதிநிலைக்குக் கீழேயே, அளவான சூட்டில், சுவையைப் பெரிதாகக் கெடுக்காமல் பானத்தைக் கெடுக்கும் நுண்ணுயிரிகளை அழிக்கலாம்.

ஆக, நமக்கு ஓர் எல்லை கிடைத்துவிட்டது. 71 டிகிரிக்குக் கீழே போனால் பாதுகாப்பு இல்லை. 100 டிகிரியை நெருங்கினால் மணம் இல்லை. 75 முதல் 80 டிகிரி வரை வைத்துக்கொண்டால் இரண்டும் கிடைக்கும்.

நம் பேரங்காடிகளில் பெட்டியில் விற்கும் ஆப்பிள் சாறு பெரும்பாலும் ஏற்கெனவே சூடாக்கிப் பதப்படுத்தியதுதான். வாங்கும்போது பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

செய்து பாருங்கள்

தேவையானவை: சர்க்கரை சேர்க்காத ஆப்பிள் சாறு 1 லிட்டர், விரல் நீளப் பட்டை 2, கிராம்பு 5, கழுவிய ஆரஞ்சுத் தோல் ஒரு துண்டு.

எல்லாவற்றையும் எவர்சில்வர் பாத்திரத்தில் போடுங்கள். அலுமினியப் பாத்திரம் வேண்டாம்; சாற்றின் அமிலம் அதனுடன் வினைபுரியும். சிறு தீயில் சூடாக்கி, 75 டிகிரி வந்ததும் மூடி, தீயை மேலும் குறைத்து 20 நிமிடம் வையுங்கள். பிறகு வடிகட்டி, குடிக்கும் சூட்டுக்கு ஆறவிட்டுக் குடியுங்கள். சர்க்கரை தேவைப்படாது.

பட்டையைப் பொடித்துப் போட வேண்டாம். பொடியின் மேற்பரப்பு அதிகம் என்பதால் மணம் விரைவில் இறங்கும் என்பது உண்மைதான். ஆனால், பொடி நீரில் ஊறிக் கொழகொழவென்று ஆகிவிடும்; வடிகட்டவும் முடியாது.

இரண்டு எச்சரிக்கைகள். சமையல் வெப்பமானியை மட்டுமே பயன்படுத்துங்கள்; பள்ளி ஆய்வுக்கூட வெப்பமானியை உணவில் வைக்கவே கூடாது. அடுப்படியில் பெரியவர் ஒருவர் உடன் இருக்கட்டும்.

இனி உங்கள் ஆய்வு

சாற்றை இரண்டு சம பங்காகப் பிரியுங்கள். இரண்டிலும் ஒரே அளவு பட்டை, கிராம்பு போடுங்கள். 'அ' பாத்திரத்தை மூடி 75 டிகிரியில் 20 நிமிடம் வையுங்கள். 'ஆ' பாத்திரத்தை மூடாமல் 20 நிமிடம் கொதிக்க விடுங்கள். இரண்டையும் ஒரே சூட்டுக்கு ஆறவிட்டு, எது எதுவென்று சொல்லாமல் வீட்டில் உள்ளவர்களிடம் கொடுங்கள். எதில் மணம் அதிகம் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு பொறி இருக்கிறது, கவனியுங்கள். 'ஆ' பாத்திரத்தில் நீர் ஆவியாகி அளவு குறைந்திருக்கும். ஆகவே இனிப்பு கூடியிருக்கும். இனிப்பை மணம் என்று சிலர் தவறாகச் சொல்லக்கூடும். இந்த மாறியை எப்படிக் கட்டுப்படுத்துவீர்கள்? ஒரு குறிப்பு தருகிறேன்: அளவுக் குவளையும் கொதித்து ஆறிய நீரும் போதும்.

கடைசியாக ஒன்று. 'அ' பாத்திரத்தின் மூடியை, ஆவி கையில் படாமல், மெதுவாகத் திறந்து ஓரமாக வைத்து ஆறவிடுங்கள். அதன் அடிப்பக்கத்தில் நீர்த்துளிகள் கோத்திருக்கும். அவற்றை முகர்ந்து பாருங்கள். நீங்கள் மூடாமல் விட்டிருந்தால் எது சன்னல் வழியாகப் போயிருக்கும் என்பது அப்போது தெரியும்.