ஓடிய தூரத்துக்குக் கூலி

எண்ணூரைத் தாண்டி மீஞ்சூருக்குப் போகும் வழியில் இருக்கிறது அத்திப்பட்டு. பட்டணவாசிகளில் பலருக்கு அது ரயில் நிற்கும் ஓர் ஸ்டேஷனின் பெயர், அவ்வளவே. ஆனால் அவர்கள் வீட்டில் விளக்கு எரிவதற்கு அவ்வூரும் ஒரு காரணம். வட சென்னை அனல் மின் நிலையம் அங்கேதான் இருக்கிறது. பழைய யந்திரங்களோடு 800 மெகாவாட் சக்தியுள்ள புதியதொன்றும் 2024-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் திறக்கப்பட்டது. அருகே காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம். வடக்கே கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை. இவற்றுக்கிடையே இரவு பகலாகக் கன்டெய்னர் லாரிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்தச் சாலைகளின் மேடு பள்ளங்களை வர்ணிக்க வேண்டுமானால் தனிக் கட்டுரை தேவைப்படும்.

இங்கே ஒரு விசித்திரத்தைக் கவனியுங்கள். லாரி எரிக்கும் ஒவ்வொரு லிட்டர் டீஸலிலும் சாலைக்கென்று ஒரு பங்கு போகிறது. அத்திப்பட்டிலே பிறக்கும் மின்சாரத்தைக் குடித்து ஓடும் வண்டியோ, அதே சாலையில் அதே தூரம் ஓடினாலும், அந்தப் பங்கைச் செலுத்துவதில்லை. மின்சாரக் கட்டணத்தில் சாலைக்கென்று யாரும் பிரித்து வைப்பதில்லை அல்லவா?

எண்ணெயில் வரி போட்டுச் சாலை போடும் வழக்கம் நம் நாட்டில் நூறு வருஷத்தை எட்டப் போகிறது. 1927-இல் ஸ்ரீ எம். ஆர். ஜெயகரின் தலைமையில் அமைந்த சாலைக் கமிட்டி சொன்ன யோசனைப்படி, 1929-இல் பெட்ரோலுக்குக் காலனுக்கு 2 அணா கூடுதல் வரி விதித்து, அதைக் கொண்டு மத்திய சாலை நிதி ஏற்பட்டது. அந்நாளைக்கு அது நல்ல யுக்தி. அதிகம் ஓடுகிறவன் அதிகம் எரிக்கிறான். அதிகம் எரிக்கிறவன் அதிகம் கொடுக்கிறான். கணக்குப்பிள்ளை வேண்டாம், சாவடி வேண்டாம், பெட்ரோல் பம்பே போதும். அந்த வரி பல பெயர்களும் விகிதங்களும் மாறி, 2022-ஆம் ஆண்டு மே மாதக் குறைப்புக்குப் பின் பெட்ரோல் லிட்டருக்கு 5 ரூபாயாகவும் டீஸலுக்கு 2 ரூபாயாகவும் நின்றது. ஆனால் எண்ணெயே குடிக்காத வண்டி வரும் என்று 1929-இல் யார் கண்டார்கள்?

"ஏன், சுங்கச்சாவடியில் எல்லா வண்டியும் கொடுக்கின்றனவே?" என்று நேயர்கள் கேட்கலாம். வாஸ்தவம். தேசிய நெடுஞ்சாலைச் சுங்கத்துக்கு மின்சாரமும் ஒன்றுதான், டீஸலும் ஒன்றுதான். 2008-ஆம் ஆண்டு விதிகளின்படி அடிப்படை விகிதமே கிலோமீட்டர்க் கணக்குதான்: காருக்கு 65 காசு, பஸ்ஸுக்கும் லாரிக்கும் 2 ரூபாய் 20 காசு, நான்கு முதல் ஆறு அச்சுள்ள பெரிய வண்டிக்கு 3 ரூபாய் 45 காசு, அதன்மேல் வருஷந்தோறும் ஏற்றம். ஆனால் வசூலிப்பது ஓடிய தூரத்துக்கு அன்று. ஒரு சாவடிக்கென்று வகுத்த பகுதி முழுவதற்கும்.

சென்னையிலிருந்து தடா போகும் சாலையில் நல்லூர்ச் சாவடி இருக்கிறது. செங்குன்றத்திலிருந்து பக்கத்திலுள்ள காரனோடைக்குச் சரக்கு வேன் ஓட்டிப் போகிறவர் அந்தச் சாவடியைக் கடந்தாக வேண்டும். கடந்தால் கட்ட வேண்டும். அத்திப்பட்டிலிருந்து பொன்னேரி வழியாகத் தச்சூர்க் கூட்டுரோட்டில் ஏறிக் கும்மிடிப்பூண்டி போகிற லாரியோ, நெடுஞ்சாலையில் அதைவிட அதிக தூரம் ஓடியும் நல்லூர்ச் சாவடியின் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. பக்கத்து ஊர்க்காரர்களின் சொந்த வண்டிக்கு மாதச் சீட்டும் வேறு சில சலுகைகளும் உண்டு என்பது மெய்தான். சலுகை கேட்டு வாங்க வேண்டியிருக்கிறதே, அதுவே கணக்கில் ஏதோ கோணல் என்பதற்கு அடையாளம்.

கண்ணாடியில் ஒட்டும் பாஸ்டேக் வில்லை 2021-ஆம் ஆண்டு பிப்ரவரியில் கட்டாயமாயிற்று. அதனால் சில்லறைச் சண்டை ஓய்ந்தது, வரிசை குறைந்தது. ஆனால் தூரத்தை அது அளப்பதில்லை. 2025 ஆகஸ்டு 15 முதல் 3,000 ரூபாய்க்கு வருஷப் பாஸ் ஒன்றும் சொந்தக் கார்களுக்கு வந்தது. அதுவும் 200 தடவை கடப்பதைத்தான் எண்ணுகிறது.

உண்மையில் ஓடிய தூரத்தை அளக்க 2024 செப்டம்பரில் சர்க்கார் விதிகளைத் திருத்தினார்கள். வண்டியில் ஒரு கருவி இருக்கும்; வானத்துச் செயற்கைக் கோள்களைக் கொண்டு அது தன் இருப்பிடத்தை அறியும்; நெடுஞ்சாலையில் எவ்வளவு ஓடிற்றோ அவ்வளவுக்குப் பணம் கழியும். ஒரு நாளில் ஒவ்வொரு திசையிலும் முதல் 20 கிலோமீட்டர் இலவசம். தேசிய பெர்மிட் வண்டிகளுக்கு மாத்திரம் அந்தச் சலுகை இல்லை. பெங்களூர்–மைசூர் சாலையிலும் ஹரியானாவில் பானிபட்–ஹிஸார் சாலையிலும் பரீட்சை நடந்தது. 2025 மே மாதம் முதல் நாடெங்கும் இது வரப் போகிறது என்று வதந்தி கிளம்பவே, அப்படித் தீர்மானம் எதுவும் இல்லை என்று ஏப்ரலில் சர்க்கார் அறிவித்தார்கள்.

இந்தத் தாமதத்தைக் குறித்து நமக்கு வருத்தமில்லை. அந்த அவகாசத்தில் யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது.

நியூஸிலாந்து தேசத்தில் 1978 முதல் டீஸல் வண்டிகள் ஓடிய தூரத்துக்கே கட்டணம் செலுத்துகின்றன. அங்கே டீஸலைப் படகுகளிலும் பண்ணை டிராக்டர்களிலும் நிறைய எரிப்பதால், எண்ணெயில் வரி போட்டால் சாலையை மிதிக்காதவனும் சாலைக்குக் கொடுக்க நேரும். ஆகையால் வண்டிக்காரர் ஆயிரம் ஆயிரம் கிலோமீட்டராக முன்கூட்டியே சீட்டு வாங்கி முன் கண்ணாடியில் வைத்துக்கொள்கிறார். வண்டியின் ஓட்டமானி சீட்டிலுள்ள எண்ணைத் தாண்டிவிட்டால் அபராதம். கனத்த லாரிகளுக்குச் சக்கரத்திலேயே தனி அளவுமானி. பாரம் கூடக்கூட விகிதமும் கூடும். மின்சாரக் கார்களுக்கு 2009 முதல் விலக்குக் கொடுத்திருந்தார்கள். 2024 மார்ச்சு 31-ஆம் தேதியோடு அது முடிந்தது. மறுநாள் முதல் டீஸல் காரைப் போலவே ஆயிரம் கிலோமீட்டருக்கு அந்நாட்டு நாணயத்தில் 76 டாலர். பெட்ரோல் வண்டிகளையும் இதே முறைக்குக் கொண்டுவரப் போவதாக 2025 ஆகஸ்டில் அறிவித்திருக்கிறார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது, ஓட்டமானி "எவ்வளவு தூரம்" என்று மட்டும் சொல்கிறது. "எங்கே போனாய்" என்று சொல்வதில்லை. பால்காரி சுவரில் கோடு போட்டுக் கணக்கு வைப்பதில்லையா? மாதக் கடைசியில் கோட்டை எண்ணிப் பணம் வாங்கிக்கொள்கிறாள். பாலைக் குடித்தது மாமனாரா, மருமகனா என்று அவள் கேட்பதில்லை.

செயற்கைக் கோள் கருவியோ ஆஸ்பத்திரிக்குப் போனது, கோயிலுக்குப் போனது, வக்கீல் வீட்டு வாசலில் நின்றது எல்லாவற்றையும் அறியக்கூடியது. பாஸ்டேகும் சாவடியைக் கடந்த நேரத்தைக் குறித்துக்கொள்கிறது. ஆனால் அது ஒரு புள்ளி. இது ஒரு கோடு. ஜெர்மனியில் 2005 முதல் லாரிகளுக்குச் செயற்கைக் கோள் முறையில் சுங்கம் வசூலிக்கிறார்கள். அந்தக் குறிப்புகளைச் சுங்கத்தைத் தவிர வேறெதற்கும் உபயோகிக்கக் கூடாதென்று சுங்கச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நம் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் 2017-இல் அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்திருக்கிறார்கள். 2023-ஆம் ஆண்டின் சட்டமோ, தேசப் பாதுகாப்பு முதலிய காரணங்களுக்காகத் தன் இலாகாக்களுக்கு விலக்கு அளிக்கும் அதிகாரத்தை மத்திய சர்க்காரிடமே விட்டிருக்கிறது. அந்த வாசல் அகலமானது என்பது நம் அபிப்பிராயம்.

பாரத்தையும் மறக்கக் கூடாது. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவில் இல்லினாய்ஸ் ராஜ்யத்தில் லாரிகளை ஓட்டிப் பரீட்சித்ததில், அச்சின் பாரம் இரண்டு மடங்கானால் சாலையின் தேய்மானம் சுமார் பதினாறு மடங்காகிறதென்று கண்டார்கள். பொன்னேரியிலிருந்து தொழிற்சாலைக்கு மோட்டார் சைக்கிளில் போகும் தொழிலாளி சாலையைத் தேய்ப்பது மிகச் சொற்பம். ஆயினும் ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலிலும் சாலைக்கு அவர் கொடுக்கும் பங்கு, கன்டெய்னர் லாரி ஒரு லிட்டர் டீஸலில் கொடுப்பதைவிட அதிகம். தூரத்தோடு பாரத்தையும் பெருக்கினால் அவருக்கு நியாயம் கிடைக்கும். மின்சார லாரிக்கும் டீஸல் லாரிக்கும் வித்தியாசம் வேண்டுமானால், அதைப் புகைக்காகத் தனியே வைத்துக்கொள்ளலாம்.

எனவே சரக்கு லாரிகளுக்குச் செயற்கைக் கோள் கருவி வருவதை நாம் ஆட்சேபிக்கவில்லை. அவை வியாபாரத்துக்காக ஓடுகின்றன. முதலாளிமார் பலர் இப்போதே அவற்றின் போக்கைக் கருவி வைத்துக் கவனிக்கிறார்கள். சொந்தக் காருக்கும் இரு சக்கர வண்டிக்கும் ஓட்டமானியே போதும். யார் அதைப் படித்துப் பார்ப்பது என்பதுதான் சிக்கல். மின்சார வண்டிக்குப் புகைப் பரிசோதனையும் கிடையாது. ஆகவே இன்ஷூரன்ஸைப் புதுப்பிக்கும்போது பார்க்கலாம். மானியைத் திருத்தி ஏமாற்றுகிறவர்கள் இருப்பார்கள். நியூஸிலாந்திலும் இருக்கிறார்கள், வண்டித் தகுதிப் பரிசோதனையின்போதெல்லாம் அங்கே எண்ணைக் குறித்து வைக்கிறார்கள். கருவிதான் வேண்டுமென்று சர்க்கார் தீர்மானித்தாலோ, அது கூட்டுத் தொகையை மட்டும் வெளியே சொல்லட்டும்; போன வழி வண்டிக்குள்ளேயே தங்கட்டும். கருவி செய்யக் கான்டிராக்டு விடுமுன் இந்த நிபந்தனை சட்டத்தில் ஏற வேண்டும்.