உயர்ந்த கட்டடங்களைச் சுற்றி வழிந்தோடும் மழைநீரைக் கணக்கிடுதல்

உயர்ந்த கட்டடத்தின் கூரை, சுவர், முற்றம் ஆகியவற்றில் விழும் மழையில் எவ்வளவு நீர், எவ்வளவு விரைவாக வடிகாலை அடையும் என்பதை முன்கூட்டியே அறிவது வழிந்தோடும் நீர்க் கணக்கீடு ஆகும். வடிகாலின் அகலமும் ஆழமும் சாய்வும் இதைக் கொண்டே முடிவு செய்யப்படுகின்றன. கணக்கு குறைந்தால் தரைத்தளத்திலும், மின்தூக்கிக் குழியிலும், நிலத்தடி வாகன நிறுத்தத்திலும் நீர் புகும்.

சித்தன்னவாசல் குன்று: ஓர் எடுத்துக்காட்டு

புதுக்கோட்டை நகருக்கு அருகிலுள்ள சித்தன்னவாசலின் பாறைக் குன்று, மழைநீரைப் பொறுத்தவரை ஒரு பெரிய கட்டடத்தைப் போன்றது. வெறும் பாறையில் நீர் ஊறாது. செங்குத்துச் சரிவில் தேங்காது. எனவே பெய்த மழையின் பெரும்பகுதி சில நிமிடங்களில் அடிவாரத்தை அடைந்துவிடும். வயலில் பெய்யும் மழையோ முதலில் மண்ணுக்குள் இறங்கும்.

பாறை முகத்தை ஒட்டி வழியும் நீரின் தொல்லையை முன்னோர் அறிந்திருந்தனர். தமிழகத்தின் பழைய சமணக் குகைத்தளங்கள் பலவற்றில், குகை வாயிலுக்கு மேலே நீளமாக ஒரு விளிம்பு வெட்டப்பட்டிருக்கும். மேலிருந்து வழியும் நீர் உள்ளே செல்லாமல் அந்த விளிம்பிலிருந்து சொட்டி வெளியே விழும். இக்குன்றின் அறிவர் கோயில் ஓவியங்கள் சுண்ணச்சாந்துப் பூச்சின்மேல் தீட்டப்பட்டவை. அத்தகைய பூச்சுக்கு நீர்க்கசிவு பெரும் பகையாகும்.

கணக்கிடும் முறை

சிறிய பரப்புகளுக்குப் பரவலாகப் பயன்படும் வாய்பாடு, அயர்லாந்துப் பொறியாளர் முல்வனியும் பின்னர் 1889இல் அமெரிக்கப் பொறியாளர் குயிக்லிங்கும் எடுத்துரைத்ததாகும்:

நீரோட்டம் = வழிந்தோடல் கெழு × மழைச்செறிவு × பரப்பு

1. வழிந்தோடல் கெழு: விழும் மழையில் வழிந்தோடும் பங்கு. கான்கிரீட் கூரைக்கு இது 0.95 வரை இருக்கும். மணற்பாங்கான சமதளப் புல்வெளிக்கு 0.1 அளவே.

2. மழைச்செறிவு: ஒரு மணி நேரத்துக்கு எத்தனை மி.மீ. என்ற வீதம். ஆண்டு மழையளவோ நாள் மழையளவோ இதற்குப் போதாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பெய்தது. அதன் மணிநேரச் சராசரி 40 மி.மீ. மட்டுமே. சில நிமிடங்களே நீடிக்கும் கோடை இடிமழையின் வீதம் இதைவிட மிகுதியாக இருக்கக்கூடும்.

3. பரப்பு: 1 சதுர மீட்டரில் பெய்யும் 1 மி.மீ. மழை 1 லிட்டர் நீராகும்.

சுவரில் விழும் மழை

காற்றுடன் பெய்யும் மழை சாய்வாக விழுவதால், காற்று வீசும் திசையை நோக்கிய சுவரும் நீரைப் பிடிக்கிறது. இதற்காக அச்சுவரின் பரப்பில் பாதியைக் கூட்டிக்கொள்வது பல நாட்டு விதிமுறைகளில் உள்ள வழக்கமாகும்.

எடுத்துக்காட்டாக, 30 மீ. நீளம், 20 மீ. அகலம், 45 மீ. உயரம் உள்ள கட்டடத்தையும், மணிக்கு 100 மி.மீ. மழையையும், 0.95 கெழுவையும் கொள்வோம்.

கூரைப் பரப்பு: 30 × 20 = 600 ச.மீ.
நீளச் சுவரில் பாதி: (30 × 45) ÷ 2 = 675 ச.மீ.
கூரை நீர் மட்டும்: நொடிக்கு ஏறத்தாழ 16 லிட்டர்
சுவர் நீரும் சேர்ந்து: நொடிக்கு ஏறத்தாழ 34 லிட்டர்

கூரையை மட்டும் எண்ணியவரின் கணக்கு பாதிக்கும் குறைவாகிவிடுகிறது. மொத்த மழை இதனால் கூடுவதில்லை. கட்டடத்தின் மறுபக்கத்தில் விழ வேண்டிய நீரையே சுவர் தடுத்து ஒரே பக்கத்தில் இறக்குகிறது. காற்றின் திசை மாறக்கூடியது என்பதால், நான்கு பக்க வடிகால்களையும் இதற்கேற்பச் சரிபார்க்க வேண்டும்.

வடிந்த நீர் சேருமிடம்

தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக உள்ளது. புதுக்கோட்டை போன்ற வறண்ட மாவட்டத்தில் கண்மாய்களும் ஊருணிகளும் வழிந்தோடும் நீரை நம்பியே அமைந்தவை. ஆகவே இக்கணக்கு, நீரை வெளியேற்றும் வடிகாலுக்கு மட்டுமன்றி, அதைத் தேக்கும் தொட்டிக்கும் உறிஞ்சு குழிக்கும் அளவு காட்டுகிறது.