ஞானஸ்நானப் பதிவேடும் இரத்தச் சான்றும்

1945ஆம் ஆண்டு இரண்டாம் உலகப்போர் முடிவுற்றபோது, ஐரோப்பாவில் ஏறத்தாழ 60 இலட்சம் யூதர் நாஜி அரசாலும் அதன் கூட்டாளிகளாலும் கொல்லப்பட்டிருந்தனர். இச்செயலைக் குறிக்கத்தக்க ஒரு சொல் அதற்குமுன் வழக்கில் இல்லை. போலந்து நாட்டு யூதச் சட்ட அறிஞர் ரபேல் லெம்கின், 1944இல் வெளியிட்ட நூலொன்றில் அதற்கெனப் புதுச்சொல் ஆக்கினார். தமிழில் அதனை 'இனப்படுகொலை' என்கிறோம். 1948 டிசம்பர் 9ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, இதனைத் தடுப்பதற்கும் தண்டிப்பதற்குமான உடன்படிக்கையை ஏற்றது.

இறையியல் பயில்வோர்க்கு இவ்வரலாறு அயலார் வரலாறு அன்று. இக்கொடுமைக்குத் திட்டமிட்ட நாடு சீர்திருத்தத்தின் தாயகம். அதன் மக்களுள் மிகப் பெரும்பான்மையோர் ஞானஸ்நானம் பெற்றவர்கள். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் புராட்டஸ்டண்டு திருச்சபைகளைச் சார்ந்தவர்கள். அத்தகைய நாட்டில் இது எங்ஙனம் நிகழ்ந்தது? ஒரே நாளில் நிகழவில்லை என்பதே விடையின் முதற்பகுதி. அது படிப்படியாக நிகழ்ந்தது; ஒவ்வொரு படியிலும் திருச்சபை அங்கிருந்தது. அப்படிகளையும், அவற்றின்மேல் திருச்சபை நின்ற நிலையையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. யூதன் எவன் என வரையறுத்தல்

வரலாற்றறிஞர் ராவுல் ஹில்பர்க், 1961இல் வெளியான தம் பெருநூலில், யூதர் அழிக்கப்பட்ட முறையில் ஓர் ஒழுங்கு இருந்ததைக் காட்டினார். முதலில் வரையறுத்தனர், பின்னர் உடைமைகளைப் பறித்தனர், பின்னர் ஓரிடத்தில் அடைத்தனர், இறுதியில் கொன்றனர். வரையறுத்தலில் குருதி சிந்தவில்லை. ஆனால் அதுவின்றி மற்றவை நிகழ்ந்திரா.

1933 ஜனவரி 30ஆம் நாள் ஹிட்லர் ஆட்சித் தலைவரானார். அப்பொழுது ஜெர்மனியில் வாழ்ந்த யூதர் ஏறத்தாழ 5 இலட்சம் பேர். மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஏப்ரல் 1ஆம் நாள் யூதர் கடைகள் புறக்கணிக்கப்பட்டன. ஏப்ரல் 7ஆம் நாள் இயற்றப்பட்ட சட்டம், 'ஆரியர் அல்லாதார்' அரசுப்பணியினின்று நீக்கப்படவேண்டும் என விதித்தது. பாட்டன் பாட்டியருள் ஒருவர் யூதராயின் அவர் ஆரியர் அல்லர் என ஏப்ரல் 11ஆம் நாள் விளக்கம் தரப்பட்டது. முதல் உலகப்போரின் முனையில் நின்ற வீரர்க்கு விலக்கும் தரப்பட்டது. இவ்விலக்கைக் கண்டு, அரசு நிதானத்துடனேயே நடந்துகொள்கிறது எனப் பலர் தம் மனச்சாட்சியை அமைதிப்படுத்திக்கொண்டனர்.

ஒருவருடைய பாட்டன் 'ஆரியன்' என்பதை எவ்வாறு மெய்ப்பிப்பது? அதனைக் காட்டும் இரத்தப் பரிசோதனை எதுவுமில்லை. ஏனெனில் அப்படியொரு இரத்தமே இல்லை. ஆகவே அரசு சமயப் பதிவுகளை நாடியது. பிறப்பைப் பதியும் அரசு அலுவலகங்கள் 1876 முதலே ஜெர்மனி முழுவதிலும் செயற்பட்டன. அதற்கு முற்பட்ட தலைமுறையின் சான்று பெரும்பாலும் திருச்சபையின் ஞானஸ்நான, விவாகப் பதிவேடுகளிலேயே இருந்தது. ஆயர்களின் மேசைகளில் விண்ணப்பங்கள் குவிந்தன. அவர்கள் பதிவேடுகளைப் புரட்டிச் சான்றுகளை எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தனர். பெர்லினில் பழைய சபைகளின் பதிவேடுகளைத் திரட்டி ஆராய 1936இல் தனி அலுவலகம் ஒன்று திறக்கப்பட்டது. யூத மரபினின்று ஞானஸ்நானம் பெற்றவர்களின் பெயர்கள் அங்கே தனி அட்டைகளில் எழுதப்பட்டன. அதன் தலைவர் ஓர் ஆயர்.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்கவேண்டும். ஒருவன் கிறிஸ்துவுக்குள் புதுப்பிறப்படைந்தான் எனச் சாட்சி பகர்வது ஞானஸ்நானப் பதிவேடு. அதே ஏடு, அவனுடைய பழைய பிறப்பு எவ்வினத்தது எனச் சாட்சி பகருமாறு ஆக்கப்பட்டது. கையொப்பமிட்ட ஆயர்களுள் பெரும்பாலோர் கொடியவர் அல்லர். அலுவலகக் கடமையைச் செய்வதாகவே அவர்கள் எண்ணினர்.

2. திருச்சபை எழுப்பிய வினாவும் எழுப்பாத வினாவும்

1933 செப்டம்பர் 6ஆம் நாள், நாஜிச் சார்புடைய 'ஜெர்மன் கிறிஸ்தவர்' இயக்கத்தாரின் ஆதிக்கத்திலிருந்த பிரஷ்யப் பொது ஆலோசனைச் சங்கம், இவ்வாரியச் சட்டப்பிரிவைத் திருச்சபை ஊழியர்க்கும் உரியதாக்கியது. உடனே எதிர்ப்பு எழுந்தது. ஆயர் மார்ட்டின் நீமோலர் அம்மாதமே ஆயர்களின் அவசரகாலச் சங்கத்தை அமைத்தார். மார்பர்க் இறையியற்புலம் இச்சட்டப்பிரிவு நற்செய்திக்கு முரணானது எனத் தீர்ப்புரைத்தது. எர்லாங்கன் புலத்தின் சார்பில் கருத்துரைத்த பவுல் ஆல்த்தாஸ், வெர்னர் ஏலர்ட் ஆகியோரோ, யூத மரபினர் திருப்பணியில் அமர்த்தப்படுவதில் திருச்சபை ஒதுங்கி நிற்பதே தகும் என்றனர். இருபுறத்திலும் கற்றறிந்த இறையியலார் இருந்தனர் என்பது நம் கவனத்துக்குரியது.

இவ்வெதிர்ப்பினின்றே அறிக்கைத் திருச்சபை தோன்றியது. 1934 மே 29 முதல் 31 முடியப் பார்மென் நகரில் கூடிய ஆலோசனைச் சங்கம், கிறிஸ்துவே திருச்சபையின் ஒரே ஆண்டவர் என முழங்கியது. அதன் அறிக்கையைப் பெரும்பாலும் வரைந்தவர் கார்ல் பார்த். இன்றும் நாம் அதனை மதித்துப் போற்றுகிறோம். ஆனால் அவ்வறிக்கையில் யூதரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. யூத மரபினரான தன் ஊழியர்க்காகப் போராடிய திருச்சபை, தெருவில் நின்ற யூதனுக்காகப் பேசவில்லை. திருச்சபையின் உரிமை பற்றிய வினாவை எழுப்பினர். அயலான் யார் என்ற வினாவை எழுப்பவில்லை. பிற்காலத்தில் பார்த் தாமே, 1967இல் எழுதிய மடலொன்றில், அன்று இப்பொருளை முதன்மையாக வைத்துப் போராடாமற்போனது தம் குற்றமே என ஒப்புக்கொண்டார்.

வேறு குரல்களும் இருந்தன. 1933ஆம் ஆண்டிலேயே இளம் இறையியலாரான டீட்ரிக் போன்ஹோஃபர், அரசின்பால் திருச்சபைக்குள்ள கடமைகள் மூன்று எனக் கட்டுரை வரைந்தார். அரசின் செயல் முறையானதா என அரசையே வினவுதல் முதலாவது. பாதிக்கப்பட்டோர் சபையைச் சார்ந்தவராயினும் சாராதவராயினும் அவர்க்கு உதவுதல் இரண்டாவது. தேவை நேரின் அநீதியின் இயக்கத்தையே தடுத்து நிறுத்துதல் மூன்றாவது. எனினும், யூதர்மேல் ஒரு சாபம் தங்கியுள்ளது எனும் பழைய கருத்து அக்கட்டுரையிலும் காணப்படுகிறது. இத்துணைத் தெளிந்த கண்ணையும் மறைத்த திரை எத்துணைத் தடிப்பானது என்பதை இதனால் அறியலாம்.

3. உரிமைப் பறிப்பும் உடைமைப் பறிப்பும்

1935 செப்டம்பர் 15ஆம் நாள் நியூரம்பெர்க் சட்டங்கள் பிறந்தன. யூதர் குடியுரிமையை இழந்தனர். யூதரும் 'ஜெர்மானிய இரத்தத்தினரும்' மணம் புரிதல் குற்றமாயிற்று. அதே செப்டம்பரில் பெர்லினைச் சார்ந்த பள்ளி ஆசிரியை எலிசபெத் ஷ்மிட்ஸ், யூதரும் யூத மரபினரும் படும் பாடுகளை விரிவாகத் தொகுத்து, அறிக்கைத் திருச்சபையின் தலைவர்களுக்கு மனு ஒன்றை அளித்தார். தம் பெயரை அதில் அவர் இடவில்லை. ஆலோசனைச் சங்கம் அதனை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளவில்லை. 1938க்குப் பின் அவர் மனச்சாட்சியின் பொருட்டு ஆசிரியப் பணியையே துறந்தார். அம்மனுவை எழுதியவர் அவரே என்பது 1999இல்தான் பரவலாக அறியப்பட்டது. அறியாமையால் மௌனமாயிருந்தோம் எனப் பின்னர்க் கூறியோர்க்கு அம்மனு மறுமொழியாக நிற்கிறது.

1938 ஜூலையில் 32 நாடுகளின் பிரதிநிதிகள் பிரான்சிலுள்ள ஏவியானில் கூடி அகதிகள் நிலையை ஆராய்ந்தனர். மிகச் சில நாடுகள் தவிரக் கதவைத் திறப்பார் இல்லை. அவ்வாண்டு நவம்பர் 9, 10 ஆகிய நாள்களில் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஜெப ஆலயங்கள் எரிக்கப்பட்டன அல்லது சிதைக்கப்பட்டன. ஏறத்தாழ 7,500 கடைகள் நொறுக்கப்பட்டன. ஏறத்தாழ 30,000 ஆடவர் டாகாவ், பூகன்வால்ட், சாக்சன்ஹவுசன் ஆகிய முகாம்களில் அடைக்கப்பட்டனர். பின்னர் அரசு, சேதமுற்ற யூதர்கள்மீதே 100 கோடி மார்க் தண்டம் விதித்தது.

நவம்பர் 10 மார்ட்டின் லூத்தரின் பிறந்தநாள். 1543இல் லூத்தர் யூதருக்கு எதிராக எழுதிய நூலில், அவர்களுடைய ஜெப ஆலயங்களைக் கொளுத்துமாறு ஆட்சியாளர்க்கு ஆலோசனை கூறியிருந்தார். தூரிங்கியாவின் பேராயர் மார்ட்டின் சாஸ்ஸே இவ்விரண்டையும் இணைத்து, மகிழ்ந்து, சிறுநூல் ஒன்று வெளியிட்டார். அதே நவம்பர் 16ஆம் நாள், மனந்திரும்புதலின் ஜெப நாளன்று, வூர்ட்டம்பெர்க் பகுதியின் ஓபர்லெனிங்கன் என்ற சிற்றூரில் ஆயர் யூலியுஸ் ஃபன் யான் எரேமியா 22:29ஐ எடுத்து அருளுரையாற்றினார்; ஆலயங்கள் எரிந்ததைப் பாவம் எனப் பெயர் சொல்லிக் கண்டித்தார். சில நாள்களில் அவர் ஒரு கும்பலால் அடிக்கப்பட்டுச் சிறையிலிடப்பட்டார். அந்நாளில் பிரசங்க பீடம் ஏறியோர் பல்லாயிரவர்; இவ்வாறு பேசியோர் மிகச் சிலர்.

4. அடைப்பும் அழிப்பும்

1939 செப்டம்பரில் போர் தொடங்கியது. 1940 நவம்பரில் அடைக்கப்பட்ட வார்சா நகரின் யூதக் குடியிருப்பினுள் 4 இலட்சத்துக்கு மேற்பட்டோர் நெருக்கப்பட்டனர். பசியும் நச்சுக்காய்ச்சலும் அவர்களை வாரிச் சென்றன. 1941 ஜூன் 22ஆம் நாள் சோவியத் நாட்டின்மீது படையெடுப்பு நிகழ்ந்தபோது, படையின் பின்னே சென்ற கொலைக்குழுக்கள் யூதரைக் குழிகளின் விளிம்பில் நிறுத்திச் சுட்டன. கீவ் நகரையடுத்த பாபி யார் பள்ளத்தாக்கில் செப்டம்பர் 29, 30 ஆகிய இரு நாள்களில் 33,771 பேர் கொல்லப்பட்டதாகக் கொலையாளிகளின் சொந்த அறிக்கையே கணக்குக் காட்டுகிறது.

அம்மாதமே ஜெர்மனியில் யூதர் மஞ்சள் நட்சத்திரம் அணியவேண்டுமெனக் கட்டாயமாயிற்று. ஞானஸ்நானம் பெற்ற யூத மரபினரும் அதனை அணிந்தே ஆராதனைக்கு வந்தனர். 1941 டிசம்பர் 17ஆம் நாள் ஏழு மாநிலத் திருச்சபைகளின் தலைவர்கள், இவர்களுக்குச் சபையில் இடமோ உரிமையோ இல்லை என அறிக்கையிட்டனர். 1933இல் தடுக்கப்படாதது 1941இல் ஆராதனையின் வாயிலை அடைந்தது.

1942 ஜனவரி 20ஆம் நாள் வான்சே மாளிகையில் 15 அதிகாரிகள் கூடினர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் முனைவர் பட்டம் பெற்றவர்கள். கொலை அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. ஐரோப்பா முழுவதற்கும் அதனை ஒழுங்குபடுத்தவே அவர்கள் கூடினர். பெல்செக், சோபிபோர், திரெப்ளிங்கா ஆகிய முகாம்களில் மட்டும் ஏறத்தாழ 17 இலட்சம் பேர் கொல்லப்பட்டனர். ஆஷ்விட்சில் மாண்ட ஏறத்தாழ 11 இலட்சம் பேருள் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் யூதர்.

பேசியிருப்பினும் பயனில்லை என்பர் சிலர். ஜெர்மனியில் ஊனமுற்றோரும் மனநோயாளரும் இரகசியமாகக் கொல்லப்பட்டபோது, 1940இல் லூத்தரன் பேராயர் தெயோபில் வூர்ம் அரசுக்கு எழுதினார். 1941 ஆகஸ்டில் கத்தோலிக்கப் பேராயர் காலன் வெளிப்படையாகக் கண்டித்தார். அம்மாத இறுதியில், 70,000 பேர் மாண்டபின், நச்சுவாயுவாற் கொல்லும் அத்திட்டம் நிறுத்தப்பட்டது. கொலை மறைவாகத் தொடரவே செய்தது. ஆயினும் திருச்சபையின் குரலை அரசு பொருட்படுத்தியது என்பது தெளிவு. அக்குரல் யூதருக்காக அவ்வாறு ஒலிக்கவில்லை. 1943 அக்டோபர் 3ஆம் நாள் டென்மார்க்கின் லூத்தரன் ஆலயங்களில் யூதருக்காகப் பேராயர்களின் மடல் வாசிக்கப்பட்டது. அவ்வாரங்களில் 7,000க்கு மேற்பட்ட யூதரை டேனிய மக்கள் படகேற்றிச் சுவீடனுக்குத் தப்புவித்தனர். பிரான்சின் லெ ஷாம்போன் ஊரில் ஆயர் ஆந்திரே த்ரொக்மேயும் அவர் சபையாரும் யூத அகதிகளைத் தம் வீடுகளில் ஒளித்துக் காத்தனர். அவர்களும் நம்மைப்போல் அதே திருமறையை வாசித்தவர்களே.

5. நமக்குரிய பொறுப்பு

நாஜிகளின் இனக்கொள்கை கிறிஸ்தவ உபதேசம் அன்று. ஆனால் நூற்றாண்டுகளாகப் பிரசங்க பீடத்தினின்று விதைக்கப்பட்ட இகழ்ச்சி, அக்கொள்கைக்கு நிலத்தைப் பண்படுத்தித் தந்தது. கல்விக்கூடமும் இதற்கு விலக்கன்று. நம் இறையியல் நூலகங்களில் உள்ள புதிய ஏற்பாட்டுச் சொல்லகராதியைத் தொடங்கிய கெர்ஹார்ட் கிட்டல், 1933இல் நாஜிக் கட்சியில் சேர்ந்து, யூதரை அந்நியராக ஒதுக்கி வைக்கவேண்டுமென வாதிட்டார். 1939இல் ஐசனாக்கில் தொடங்கப்பட்ட ஆய்வு நிறுவனத்தில், புதிய ஏற்பாட்டுப் பேராசிரியர் வால்டர் க்ருண்ட்மன் முதலானோர் யூதத் தன்மை நீக்கப்பட்ட நற்செய்தி நூலொன்றைத் தொகுத்தனர். கிரேக்க இலக்கணப் புலமை ஒருவனை இப்பாவத்தினின்று காப்பதில்லை.

போருக்குப்பின் 1945 அக்டோபரில் ஜெர்மன் திருச்சபைத் தலைவர்கள் ஸ்டுட்கார்ட்டில் குற்ற அறிக்கை வெளியிட்டபோதும் யூதரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. 1980இல் ரைன்லாந்துத் திருச்சபையே தன் பங்கையும் குற்றத்தையும் தெளிவாக அறிக்கையிட்டு, இஸ்ரவேலின் தெரிந்துகொள்ளுதல் தள்ளப்படவில்லை என உரைத்தது. இது புது உபதேசமன்று. ரோமர் 9 முதல் 11 முடியப் பவுலடியார் கற்பித்ததே. ரோமர் 13ஐ மனப்பாடமாய் அறிந்திருந்த திருச்சபை, அதற்கு முந்திய அதிகாரங்களை மறந்திருந்தது. ஒட்டவைக்கப்பட்ட கிளை வேருக்கு எதிராகப் பெருமை பாராட்டலாகாது.

நம் நாட்டில் யூதர் மிகச் சிலரே. ஆயினும் பெரிய வெள்ளியன்று மத்தேயு 27:25ஐ எவ்வாறு விளக்குகிறோம்? யோவான் நற்செய்தியில் 'யூதர்' எனும் சொல் வருமிடங்களில், அது எச்சூழலில் எவரைக் குறித்தது என விளக்குகிறோமா, அல்லது ஓரினம் முழுவதன்மேலும் பழியைச் சுமத்திவிட்டுக் கடந்து செல்கிறோமா? 'பரிசேயன்' என்பதை வசைச்சொல்லாக வழங்குகையில், இயேசுவும் அவருடைய தாயாரும் அப்போஸ்தலரும் யூதரே என்பதை நினைவிற்கொள்கிறோமா? யூதரை அறிந்திராத சபையில், பிரசங்கி வரைந்து காட்டும் யூதனே யூதனாகிவிடுகிறான்.

இறையியற் கல்லூரியை விட்டு ஊழியத்துக்குச் செல்லும் மாணவர் ஒவ்வொருவர் கையிலும் ஒருநாள் ஞானஸ்நானப் பதிவேடு ஒப்படைக்கப்படும். மனிதனை அவன் பிறப்பால் அளக்கும் பொருட்டு எவரேனும் அவ்வேட்டைக் கேட்பாராயின், அதனை ஏன் கேட்கிறீர் என முதலில் வினவும் கடமை ஆயருக்கு உண்டு. ஜெர்மனியில் 1933இல் அவ்வினா எழுப்பப்பட்டிருக்கவேண்டும்.